தோட்டத்துக்கு வழி கேட்டால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் தமிழையும் மலாயையும் வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம். பினாங்கிலிருந்து கல்யாணத்துக்கு வரும் சீன நண்பர் டவுனில் நின்றுகொண்டு போன் போடும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேர்முகத் தேர்வுக்குக் கோலாலம்பூர் போய்க் கட்டடம் தெரியாமல் நின்றாலும் அதே கதைதான். இரண்டையும் சமாளிக்கச் சில வாக்கியங்கள் போதும். இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: கேட்பது

"எக்ஸ்கியூஸ் மீ" என்று ஆரம்பியுங்கள். அது இல்லாமல் எடுத்த எடுப்பில் "வேர் இஸ்" என்றால் அதட்டுவது போல இருக்கும். அடுத்து, "ஹவ் டு ஐ கெட் டு த ரயில்வே ஸ்டேஷன்?" கடைசியில் உள்ள இடத்தை மட்டும் மாற்றி இதையே எங்கும் கேட்கலாம். இன்னும் மரியாதையாகக் கேட்க வேண்டுமா? "குட் யூ டெல் மீ த வே டு" என்று தொடங்குங்கள். அந்தப் பக்கம் கிளினிக் இருக்கிறதா என்றே தெரியாவிட்டால், "இஸ் தேர் எ கிளினிக் நியர் ஹியர்?" நடந்தே போகலாமா என்பதற்கு, "கேன் ஐ வாக் தேர்?"

சாலைப் பெயரை மட்டும் ஆங்கிலமாக்க வேண்டாம். பலகையில் 'ஜாலான் ஸ்டேசன்' என்று இருந்தால் வாயிலும் அதுவே வரட்டும். "ஸ்டேஷன் ரோடு" என்று சொல்லிவிட்டால், வந்தவர் இல்லாத பலகையைத் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் படி: சொல்வது

"கோ ஸ்ட்ரெய்ட்", "டர்ன் லெஃப்ட்", "டர்ன் ரைட்" எல்லாருக்கும் தெரியும். சிக்கல் அங்கே இல்லை. எதுவரை நேராகப் போவது, எந்த இடத்தில் திரும்புவது என்று சொல்லாமல் விடுவதுதான் சிக்கல். அதற்கு மூன்று துண்டுகள்: "அன்டில் யூ சீ" (கண்ணில் படும் வரை), "அட் த டிராஃபிக் லைட்" (சமிக்ஞை விளக்கில்), "ஆஃப்டர் த பிரிட்ஜ்" (பாலம் தாண்டியதும்). சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: "கோ ஸ்ட்ரெய்ட் அன்டில் யூ சீ த போலீஸ் ஸ்டேஷன், தென் டர்ன் லெஃப்ட்."

வட்டச் சாலையில், கார் பழகும்போது கற்ற 'புக்குல் தீகா' (மூன்று மணி, அதாவது வலப்புறம்), 'புக்குல் டுவாபெலாஸ்' (பன்னிரண்டு மணி, அதாவது நேர்) என்ற மலாய்க் கணக்கு வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. இடப்புறத்திலிருந்து வழிகளை எண்ணிச் சொல்லுங்கள்: "அட் த ரவுண்டபவுட், டேக் த செகண்ட் எக்ஸிட்." நான்கு சாலை கூடும் இடத்தில் இரண்டாவது வழி என்றால் நேர் வழி. வண்டியைப் பின்னால் எடுக்க நாம் சொல்லும் 'கோஸ்தான்' என்பதும் நம் ஊரோடு சரி. வெளியாளிடம் "ரிவர்ஸ்" என்று சொல்லுங்கள்.

மூன்றாம் படி: தோட்டத்துக்குள்

தோட்டத்தில் செம்பனை (பாமாயில் மரம்) நட்ட காட்டுக்குள் நுழைந்தால் எந்தச் செம்மண் சாலையும் ஒரே மாதிரிதான் இருக்கும். போன் சிக்னலும் பல இடங்களில் விட்டுப்போகும். நமக்கோ பழைய பழக்கம்: "கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டைத் தாண்டி, பழைய ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடம்) இருந்த இடத்தில் திரும்பு" என்போம். கொட்டகையை இடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்! புதிதாக வருபவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள். காவல் சாவடி, தண்ணீர்த் தொட்டி, தமிழ்ப்பள்ளி, ஆலைப் புகைபோக்கி எதுவானாலும் சரி. என்னைக் கேட்டால் காட்டோரம் நட்டிருக்கும் பலகைதான் உத்தமம். அதில் காட்டு நம்பர் (ஆங்கிலத்தில் 'ஃபீல்டு' நம்பர்), கன்று நட்ட வருஷம், எத்தனை ஹெக்டேர் எல்லாம் பெயிண்டில் எழுதியிருக்கும். நம்பரை அவர் படித்துக்கொள்வார்.

நண்பர் காவல் சாவடியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஹவ் டு ஐ கெட் டு த டெம்பிள்?"

"கோ பாஸ்ட் த கார்டு ஹவுஸ். கீப் கோயிங் அன்டில் யூ சீ எ போர்டு, ஃபீல்டு டுவெல்வ். டர்ன் ரைட் தேர். த டெம்பிள் இஸ் ஆன் யுவர் லெஃப்ட், நெக்ஸ்ட் டு த ஸ்கூல்."

"இஸ் இட் ஃபார்?"

"அபவுட் ஃபைவ் மினிட்ஸ் பை கார். இஃப் யூ சீ த மில், யூ ஹேவ் கான் டூ ஃபார்."

அந்தக் கடைசி வரியைக் கட்டாயம் சேருங்கள். ஆலை தெரிந்தால் தாண்டிப் போய்விட்டோம் என்று அவருக்கே புரிந்துவிடும். "ஃபைவ் மினிட்ஸ்" என்று மொட்டையாக நிறுத்தினால் நடந்தா, காரிலா என்று தெரியாது. அதனால் "பை கார்" அல்லது "ஆன் ஃபுட்" சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சரிபார்ப்பது

கேட்பவர் நீங்களானால், கேட்டதை உடனே திருப்பிச் சொல்லுங்கள்: "சோ, ரைட் அட் ஃபீல்டு டுவெல்வ், தென் லெஃப்ட்?" அவர் வேகமாகப் பேசினால், "சாரி, குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?" இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வழி தெரியாவிட்டால் குத்துமதிப்பாகக் கை காட்டாதீர்கள். நம் ஊரில் தெரியாது என்று சொல்ல மனசு வராது, தெரியும். இருந்தாலும் "சாரி, ஐ அம் நாட் ஷ்யூர். ப்ளீஸ் ஆஸ்க் அட் த பெட்ரோல் ஸ்டேஷன்" என்று சொல்லிவிடுங்கள்.