காற்று ஏறும் நாளில் பிள்ளைகளோடு பாய்ப்படகில்

இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்தில் எங்கள் 30 அடிப் பாய்ப்படகு நிற்கிறது. அங்கிருந்து வைட் தீவின் யார்மத்துக்கு ஏறக்குறைய 20 கடல் மைல். மனைவி, பதினொரு வயது மகள், எட்டு வயது மகன், நான் என நாலு பேரும் பல தடவை போய்வந்த வழி அது. அதை வைத்தே சொல்கிறேன்.

முந்தின இரவே கரையோரக் கடலுக்கான வானிலை அறிவிப்பைக் கேளுங்கள், காலையில் திரும்பவும் கேளுங்கள். காற்றின் வலுவை அளக்கும் பியூஃபோர்ட் கணக்கில் விசை 4 என்றால் 11 முதல் 16 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), 5 என்றால் 21 வரை, 6 என்றால் 27 வரை. பிள்ளைகளோடு என் எல்லை 5. "5, சில நேரம் 6" என்று சொன்னால் அதை நான் 6 என்றே எடுத்துக்கொள்வேன், அன்று போவதில்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயில் விழும் விசை நாலு மடங்கு ஆகும். மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு "ஏன் இன்றைக்குப் போகவில்லை?" என்று அவள் கேட்பதில்லை.

காற்றைவிட நான் வடிவாகப் பார்ப்பது நீரோட்டத்தை. என் அப்பா இலங்கையின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறைக்காரர். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டருக்குப் போய்ச் சேர்ந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்ட ஊர் அது. காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டதும், தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும். இங்கே அதிகம் அடிப்பது தென்மேற்குக் காற்று, எங்கள் ஊர்ச் சோழகம் வரும் திசை. யார்மத்துக்குப் போகும் நீடில்ஸ் கால்வாய் ஒரு பக்கம் பாறைகளுக்கும் மறுபக்கம் ஷிங்கிள்ஸ் என்ற கூழாங்கல் மேட்டுக்கும் நடுவே ஓடுகிறது. வற்று நேரத்தில், அதாவது கடல் இறங்கும்போது, தண்ணீர் அதற்குள்ளால் தென்மேற்கு நோக்கிப் பாய்ந்து, வருகிற காற்றுக்கு நேர் எதிரே மோதும். அப்போது அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழுந்து உடையும். அதே காற்றில், பெருக்கு உள்ளே ஏறும் நேரத்தில் போனால் கடல் எவ்வளவோ அடங்கியிருக்கும். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தையோ பிள்ளைகளின் தூக்கத்தையோ பார்த்துப் புறப்படாதீர்கள். கால்வாயில் பெருக்கு உள்ளே ஏறத் தொடங்கும் நேரத்தை நீரோட்ட அட்டவணையில் பார்த்து, அதற்கு நாலு மணி நேரம் முன்பே புறப்படுங்கள். பிந்திவிட்டால் அன்றைய பயணத்தை விட்டுவிடுங்கள்.

படகைக் கட்டியிருக்கும் இடத்திலேயே பெரிய பாயைச் சுருக்கிவிடுங்கள். வெளியே காற்று குறைவாக இருந்தால் அவிழ்ப்பது இரண்டு நிமிட வேலை. சாய்ந்து குதிக்கும் படகில் ஒருவர் பாய்மரத்தடிக்குப் போய்ச் சுருக்குவதைப் பிள்ளைகள் பார்த்தால் பயம் பிடித்துக்கொள்ளும்.

துறைமுக வாயைத் தாண்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். யார்மத் பக்கம் போகும்போது காற்று முதுகுப் பக்கம் இருக்கும். 18 நாட் காற்றில் படகு 6 நாட் ஓடினால் முதுகில் 12 நாட்தான் படும், எல்லாம் சுகமாகத் தோன்றும். திரும்பினால்தான் தெரியும். ஸ்டட்லண்ட் குடாவின் மறைவை விட்டு வெளியே வந்து, பத்து நிமிடம் காற்றுக்கு எதிராக ஓட்டிப் பாருங்கள். மனைவியின் முகத்தையும் பிள்ளைகளின் முகத்தையும் பாருங்கள். அந்த நிலையில் மூன்று மணி நேரம் தாங்க முடியாது என்றால் அங்கேயே திரும்புங்கள். பாதி வழியில் திரும்ப முடிவெடுத்தால் முழு வழியும் அலையில் குத்திக்கொண்டு வர வேண்டும்.

பிள்ளைகளின் உயிர்காப்பு அங்கி அவரவர் எடைக்கு ஏற்றதாக இருக்கட்டும். கால்களுக்கிடையே வரும் பட்டியைக் கட்டாமல் விட்டால் தண்ணீரில் அங்கி முகத்துக்கு மேலே ஏறிவிடும். படியேறி வெளியே வரும் முன்பே அங்கியைப் படகோடு பிணைக்கும் இணைப்புக் கயிற்றைக் கொளுவச் சொல்லுங்கள், வந்த பிறகு இல்லை. குமட்டல் மாத்திரையை மருந்தகத்தில் வயதைச் சொல்லிக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுங்கள். சத்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. அப்புறம், பிள்ளைகளைக் கீழே அறைக்குள் விடாதீர்கள். தொடுவானம் தெரிகிற இடத்தில் இருத்துங்கள். மகன் வெளிறத் தொடங்கினால் சுக்கானை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் நிற்பேன், அநேகமாகக் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவான். சாப்பாடு வெறும் பாண், பிஸ்கட், போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி. இடியப்பமும் சொதியும் யார்மத்தில்.

இயந்திரத்தை நம்பிப் பாயை இறக்காதீர்கள். ஒருமுறை கிறைஸ்ட்சர்ச் குடாவில் எங்கள் இயந்திரம் நின்றுபோனது. தொட்டியின் அடியில் கிடந்த அழுக்கை அலை கலக்கிவிட்டு, எரிபொருள் வடிகட்டி அடைத்திருந்தது. காற்று எங்களைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பாய் மேலே இருந்ததாலும், கரையை விட்டு இரண்டு மைல் தள்ளி ஓடியதாலும் வடிகட்டியை மாற்ற நேரம் கிடைத்தது. ஒரு புது வடிகட்டியும் அதற்கான சாவியும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் மேடே என்ற உயிராபத்து அழைப்பை விடுப்பது எப்படி என்று மகளுக்கும் தெரியும். படகின் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர் என்பதை எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இடத்தை மட்டும் அரை மணிக்கு ஒருமுறை பென்சிலால் புதிதாக எழுதுவது அவள் வேலை.

புறப்படும்போது கரையில் ஒருவருக்கு நேரத்தைச் சொல்லி வையுங்கள். எங்களுக்கு அது அம்மா. சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரமாகியும் நாங்கள் பேசாவிட்டால் கரையோரக் காவலுக்கு அழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். யார்மத்தில் கயிற்றைக் கட்டியதும் முதலில் அவருக்கு அழைப்பு, பிறகுதான் அடுப்பு.