பழிவாங்கும் கதை எழுதும்போது: தரையை யார் கழுவினது?

போன மாதம் மூன்று உதவி இயக்குநர்கள் ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். மூன்றுமே பழிவாங்கும் கதை. குடும்பத்தை வெட்டிச் சாய்க்கிறார்கள், மிஞ்சிய ஒருவன் கிளம்புகிறான். என் முதல் கதையில் நான் செய்த கோளாறு மூன்றிலும் அப்படியே இருந்தது, அதுவும் அதே இடத்தில். பிளாஷ்பேக்கில் டூயட் வேண்டாம், வில்லனுக்கு வெடிச்சிரிப்பு வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தரையை யார் கழுவினது?

என் கதையில் 11-வது சீனில் சிதை எரியும். 12-வது சீன், 'மூன்று மாதங்களுக்குப் பிறகு' என்று ஒரு கார்டு. நாயகன் தாடியோடு உட்கார்ந்து கத்தி தீட்டுவான். கதை விவாதத்தில் எல்லோருக்கும் புல்லரித்தது. எனக்கும்தான். ஷூட்டிங் தொடங்கிப் பதினோரு நாள் போன பிறகு, போலீஸ் சீன்களைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவரை அழைத்து வந்தோம். முழுவதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நாலு பேரை வெட்டினது அவன் வீட்டு ஹால்ல. அடுத்த சீன்ல அதே ஹால்ல உக்காந்து கத்தி தீட்டுறான். நடுவுல அந்தத் தரையை யார் கழுவினது?"

என்னிடம் பதில் இல்லை. அவரும் விடவில்லை. புகார் கொடுத்தது யார்? சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுகிற பார்வை மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் யார்? தடயம் எடுத்து முடிக்கிறவரை வீட்டுக்குள் விடமாட்டார்களே, அதுவரை எங்கே படுத்தான்? ஜி.எச். பிணவறை வாசலில் அவனோடு யார் நின்றார்கள்? நாலு பேர் செத்து ஒருத்தன் மட்டும் மிஞ்சினால், போலீஸ் முதலில் உட்கார வைத்து விசாரிப்பதே அவனைத்தான். கடன் இருந்ததா, சொத்துத் தகராறா, பெண்டாட்டியோடு சண்டையா, அன்றைக்கு அவன் செல்போன் எந்த டவரில் இருந்தது? காரியத்தன்று மச்சான் அவனை எந்தக் கண்ணால் பார்த்திருப்பான்?

அந்த ஹால் செட்டை அதற்குள் பிரித்துவிட்டார்கள். மறுபடி போட்டு நாலு நாள் ரீஷூட் செய்தார்கள். செலவை என் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். சரி, பணம் போனால் போகிறது. அத்தனை பேர் உட்கார்ந்து பேசிய விவாதத்தில் ஒருவருக்குக்கூட அந்தத் தரை ஞாபகம் வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது.

லாஜிக் ஓட்டை மட்டும் என்றால் ஒரு வசனம் போட்டு அடைத்துவிடலாம். நீங்கள் கார்டு போட்டுத் தாண்டுகிற அந்த மூன்று மாதம்தான் கதையே.

நானாவதி வழக்கைப் பாருங்கள். அது குடும்பக் கொலை இல்லை. ஆனால் நேரக் கணக்குக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1959 ஏப்ரல் 27, பம்பாய். தனக்கு வேறொருவரோடு தொடர்பு இருப்பதாக மனைவி சொல்கிறார். கடற்படை கமாண்டரான நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லி ரிவால்வர் வாங்கி, அந்த ஆளைத் தேடிப்போய்ச் சுட்டார். குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி, 8-க்கு 1 என்று அவர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. திடீர் ஆத்திரம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பியது மதியம் 1.30, சுட்டது 4.20. நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் போதும் என்றார்கள்.

மூன்று மணி நேரத்துக்கே இப்படி. உங்கள் ஆளுக்கு மூன்று மாதம் இருக்கிறது. அவன் தினமும் எழுந்து, பல் தேய்த்து, கொல்வது என்று மறுபடி முடிவெடுக்கிறான். இடையில் தாலுகா ஆபீசில் வாரிசு சான்றிதழுக்கு நிற்கிறான். ரேஷன் கார்டில் நாலு பெயரை நீக்க மனு எழுதுகிறான். செத்துப்போன பிள்ளையின் பள்ளியிலிருந்து ஃபீஸ் கட்டச் சொல்லி மெசேஜ் வருகிறது. இதில் எந்த நாளில் அவன் மனசு மாறியிருக்கலாம், ஏன் மாறவில்லை? அந்தச் சீனை எழுதுங்கள். மூவரில் ஒருவர் "மாண்டேஜ்ல, துண்டு துண்டு ஷாட்டா ஓட்டிக் காட்டிடலாம் சார்" என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன்.

'போலீஸ் எல்லாம் வேஸ்ட்'

ஒரு வசனத்தில் இதைச் சொல்லிவிட்டு நாயகனை அரிவாள் எடுக்க வைக்காதீர்கள். அவன் முதலில் சட்டத்தின் கதவைத் தட்டியாக வேண்டும். கண்ணகியே நேராக மதுரைக்குத் தீ வைக்கவில்லை. அரசவைக்குப் போய் வழக்குரைத்தாள், சிலம்பை உடைத்துக் காட்டி நிரூபித்தாள், அதற்கு அப்புறம்தான் நெருப்பு. கதவு எங்கே, யார் கையால் மூடியது என்று எழுதுங்கள். சாட்சி பல்டி அடித்தாரா? குற்றப்பத்திரிகை நாள் கடந்து போனதால் ஜாமீன் கிடைத்ததா? ஸ்டேஷன் முழுக்கக் கெட்டவர்கள் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

302

அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து நடக்கும் கொலைக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 103.

ரத்தக்கறை படிந்த பொம்மை

வேண்டாம்.

ஐந்து வில்லன்கள்

மூன்று போதும். மூன்றாவது ஆள் சம்பவத்தன்று அந்த ஊரிலேயே இல்லை என்று ஆகட்டும்; அதுவும் அவனைக் கொன்ற பிறகு தெரியட்டும்.

கடைசிக் கொலைக்கு அப்புறம்

நாயகன் முதுகைக் காட்டி நடந்து போவான், இசை ஏறும். நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் கதை அங்கே முடிவதில்லை.

ஜெர்மனியில் மரியானே பாக்மையர் என்றொரு தாய். ஏழு வயது மகளைக் கொன்றவனை 1981 மார்ச் 6 அன்று லூபெக் நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். ஊரே பரிதாபப்பட்டது. அப்புறம் தன் கதையை ஒரு பத்திரிகைக்கு விற்றார். முந்தைய இரண்டு குழந்தைகளைத் தத்துக் கொடுத்தது வெளியே வந்தது. பரிதாபப்பட்டவர்களில் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். 1983-ல் ஆறு வருடத் தண்டனை கிடைத்தது. சுமார் மூன்று வருடத்தில் வெளியே வந்தார். வெளிநாடுகளில் வாழ்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் லூபெக்குக்கே திரும்பினார். 1996-ல் புற்றுநோயில் இறந்தபோது மகளின் கல்லறையிலேயே அவரையும் புதைத்தார்கள்.