குறட்டை நின்றுவிட்டதா? அதற்குள் நிம்மதி அடைய வேண்டாம்

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் ராத்திரி பட்டாலையில் பாய் விரித்து வரிசையாகப் படுத்துவிடுவோம். யார் குறட்டை விடுகிறார் என்பது விடிவதற்குள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். என் அப்பச்சியின், அதாவது அப்பாவின், குறட்டை அப்படி ஊரறிந்தது. "அசந்து தூங்குறாக" என்பார் ஆத்தா, என் அம்மா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டில் நடுராத்திரி அம்மான், என் தாய்மாமா, என்னைத் தட்டி எழுப்பினார். "ஏப்பா, அத்தான் மூச்சு விடுறாகளா பாரு." குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றிருந்தது. நெஞ்சும் வயிறும் முட்டி முட்டி அசைகின்றன. மூக்கருகே கை வைத்தால் காற்று இல்லை. மனதுக்குள் எண்ணினேன். 18 வந்தபோது, முங்கிக் கிடந்தவர் தண்ணீருக்கு மேலே வந்தது போல ஒரு இழுப்பு. புரண்டு படுத்தார். மறுபடியும் குறட்டை.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் சரிந்து மூச்சுப் பாதையை அடைப்பதுதான் பெரும்பாலோருக்கு வரும் ஸ்லீப் ஆப்னியா. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. முழுதாக அடைத்ததும் பாதி அடைத்ததும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று ஸ்லீப் டெஸ்டில் எண்ணிச் சொல்வார்கள். ஏ.எச்.ஐ. என்பது அந்த எண்தான். பெரியவர்களுக்கு 5-க்குள் இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். அப்பச்சிக்கு 19 வந்தது.

முதலில் சிபாப் மெஷின்தான் கொடுத்தார்கள். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் கண்டுபிடித்துச் சொன்ன முறை அது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தமாக அனுப்பி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்ள முடிந்தவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுத் தடையைக் குறைப்பதில் அதற்குத்தான் முதலிடம். அப்பச்சியால் முடியவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, தூங்கும்போது பல்லில் மாட்டிக் கீழ்த்தாடையை முன்னே பிடித்து வைக்கும் வாய்க்கருவிக்கு வந்தோம். வந்த பிறகு எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் நடந்த தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன்.

வாங்கும்போது

டெஸ்ட் எடுக்காமல் கருவி வாங்குவது முதல் தவறு. குறட்டை விடும் எல்லோருக்கும் ஆப்னியா இருக்காது. ஆப்னியாவிலும், மூளையிலிருந்து மூச்சுக்கு உத்தரவே வராத வகை ஒன்று உண்டு. அதற்கு இந்தக் கருவியால் பயனில்லை. எண் 30-ஐத் தாண்டியவர்களுக்குக் கருவி மட்டும் பல சமயம் போதாது. இதையெல்லாம் தூக்க மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காரைக்குடியிலிருந்து இதற்காக மதுரை வரை போய்வர அலுப்பாக இருக்கும், எனக்குத் தெரியும். இப்போது வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கும் டெஸ்டும் இருக்கிறது. உங்களுக்கு அது போதுமா என்று கேளுங்கள்.

இரண்டாவது தவறை நானே செய்தேன். ஆன்லைனில், வெந்நீரில் போட்டு மெதுவாக்கிக் கடித்தால் பல் அச்சு விழும் கவசம் ஒன்று விற்கிறார்கள். விலை குறைவு என்று வாங்கினேன். நாலாம் நாள் காலையில் அது தலையணைக்கு அடியில் கிடந்தது. அமெரிக்காவின் தூக்க மருத்துவ அமைப்பும் தூக்கம் சார்ந்த பல் மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், அவரவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த, கூட்டிக் குறைக்கக்கூடிய கருவியையே பரிந்துரைக்கிறது. காரணம் எளிது. மேல் வரிசைக்கு ஒரு அச்சு, கீழ் வரிசைக்கு ஒரு அச்சு. இரண்டையும் இணைக்கும் பட்டையோ ஸ்க்ரூவோ கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் பிடித்து வைக்கிறது. தாடை வந்தால் நாக்கும் கூடவே வரும், தொண்டையில் இடம் கிடைக்கும். பல்லைச் சரியாகக் கவ்வாத அச்சு ராத்திரி முழுக்கத் தாடையைப் பிடித்து வைக்காது. எத்தனை மில்லிமீட்டர் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

பல் நறநறவென்று கடிப்பவர்களுக்குக் கொடுக்கும் நைட் கார்டு வேறு. எங்கள் சொந்தத்தில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஆப்னியாவுக்குச் சிகிச்சை நடக்கிறது என்று ஒரு வருடம் நம்பியிருந்தார். அது தாடையை முன்னே கொண்டுவராது. சிலருக்கு மூச்சுத் தடையை அதிகமாக்கவும் கூடும்.

அப்புறம் வாயின் நிலைமை. ஈறு வீங்கி, பல் ஆடிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கருவி பிடித்துக்கொள்ள மேலும் கீழும் தலா எட்டுப் பத்து உறுதியான பற்களாவது வேண்டும் என்பார்கள். முழு பல்செட் போட்டவர்களுக்கு இந்த வகை பெரும்பாலும் நிற்காது. நாக்கை மட்டும் முன்னே பிடித்து வைக்கும் இன்னொரு வகை இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்கலாம். கேப் போட வேண்டிய பல், அடைக்க வேண்டிய சொத்தை எல்லாவற்றையும் முடித்துவிட்டு அளவு கொடுங்கள். கருவி செய்த பிறகு கேப் போட்டால் கருவி உள்ளே இறங்காது.

நம் ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வருடம் பாக்குப் போட்டவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துவிடும். உங்கள் விரல்கள் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கருவி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த இறுக்கம் புற்றுநோய்க்கும் வழிவிடக்கூடியது.

கூட்டும்போது

கருவி வந்ததும், அதன் ஸ்க்ரூவைத் திருகித் தாடையை முன்னே நகர்த்த ஒரு சின்னச் சாவியும் வந்தது. தாடையை எடுத்த எடுப்பில் முழுக்க முன்னே இழுத்துவிட மாட்டார்கள். ஒருவரால் எவ்வளவு தூரம் முன்னே கொண்டுவர முடியுமோ அதில் சுமார் பாதியில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அப்பச்சிக்குப் பொறுமையில்லை. ஒரே ராத்திரியில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். மறுநாள் காதுக்கு முன்னால் தாடை மூட்டில் அப்படி ஒரு வலி. ஒரு வாரம் கருவியையே தொடவில்லை. சாவியை வாங்கி ஆத்தாவிடம் கொடுத்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த தேதியில்தான் அது பெட்டியை விட்டு வெளியே வரும்.

முதல் சில வாரம் எச்சில் ஊறுவது, வாய் காய்வது, காலையில் தாடை கனப்பது எல்லாம் சகஜம், பெரும்பாலும் அடங்கிவிடும். எழுந்தவுடன் பின்பற்கள் ஒன்றோடொன்று சேராது. அப்பச்சி இட்லியைக்கூட முன்பல்லால் மெல்வார். இதற்கென்று தாடைப் பயிற்சியோ காலையில் கடிப்பதற்கு ஒரு சின்ன அச்சோ கொடுப்பார்கள், பலர் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். வருடக்கணக்கில் போடும்போது பற்கள் மெல்ல நகரக்கூடும், அதனால் பயிற்சியை விடாதீர்கள். மதியம் வரை கடி சேரவில்லை என்றாலோ வலி குறையவில்லை என்றாலோ டாக்டரைப் பாருங்கள்.

மூன்றாம் மாதம் குறட்டை நின்றது. முப்பது வருடத்தில் முதல்முறையாக வீடு அமைதியாக இருக்கிறது என்று ஆத்தா அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் அப்பச்சி சாப்பிட்டுவிட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தால் பேப்பர் கையிலிருக்கும்போதே தலை தொங்கியது. பிரஷரும் இறங்கவில்லை. கருவியை வாயில் போட்டுக்கொண்டே மறுபடி ஸ்லீப் டெஸ்ட் எடுத்தோம். எண் 12. சத்தம் போய்விட்டது, மூச்சு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

இந்த மறு டெஸ்டை விட்டுவிடுவதைத்தான் ஆகப் பெரிய தவறு என்பேன். குறட்டை என்பது தளர்ந்த சதை அதிரும் சத்தம். அது ஓய்ந்த பிறகும் பாதை சத்தமில்லாமல் மூடலாம். பக்கத்தில் படுப்பவர் நன்றாகத் தூங்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் திருப்தி வந்துவிடுகிறது, டெஸ்ட் செலவு தண்டம் என்று தோன்றிவிடுகிறது. உள்ளே ஆக்சிஜன் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும், இதயம் அடிபடும், பகலில் கார் ஓட்டும்போது கண் சொருகும். எங்களுக்கு இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் கூட்ட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் எடுத்ததில் 4. உடம்பு எடை ஏறினால் இந்த எண்ணும் ஏறலாம், அதனால் ஒரு தடவை நல்ல எண் வந்ததோடு முடித்துக்கொள்ள முடியாது.

பராமரிக்கும்போது

ஆத்தாவின் சுத்தம் தெருவுக்கே தெரியும். சித்திரை மாதம் ஒரு நாள் வளவுக்குள் வருகிறேன், வெயிலில் சுளகு நிறைய மோர்மிளகாய், அதன் ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்து அப்பச்சியின் கருவி. "கிருமி சாகட்டும்னு வெந்நீரில் அலசிக் காயவச்சேன்" என்றார். ராத்திரி போட்டுப் பார்த்தால் மேல் அச்சு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. திரும்ப அளவெடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. ஆத்தாவைக் குறை சொல்ல முடியாது. கருவி கொடுத்த இடத்தில் ஒருவரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. வெந்நீர், வெயில், பூட்டிய காருக்குள் இருக்கும் சூடு, மூன்றும் அச்சை வளைத்துவிடும்.

காலையில் எடுத்தவுடன் பச்சைத் தண்ணீரில் அலசி, அதற்கென்று வைத்த மெதுவான பிரஷ்ஷில் ஒரு சொட்டு லேசான சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். பேஸ்ட் வேண்டாம், அதிலுள்ள துகள் கீறல் போடும், கீறலில் அழுக்கு குடியேறும். பிளீச்சிங், ஸ்பிரிட் எதுவும் ஆகாது. பல்செட் கழுவும் மாத்திரை சில கருவிகளுக்கு ஆகும், சிலவற்றுக்கு ஆகாது; செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள். நிழலில் காயவிட்டு, காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் நாற்றம் வரும். ராத்திரி பல் தேய்த்த பிறகு கருவியைப் போட்டுக்கொண்டால் தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

காகிதத்தில் மடித்து வைக்காதீர்கள். விசேஷ வீட்டில் அது எச்சில் இலையோடு போய்விடும். நாய் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள், எச்சில் வாடைக்கு நாய் தேடிவந்து கடிக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று நாலு வருடம் உழைக்கும். வருடம் ஒரு முறை பல் டாக்டரிடம் போகும்போது கருவியையும் கையோடு கொண்டுபோங்கள்.

கடைசியாக, பயணத்தில் விட்டுவிட்டுப் போவது. போட்டிருக்கும் ராத்திரிக்குத்தான் இது வேலை செய்யும். நேற்றுப் போட்டது இன்றைக்கு உதவாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும்போது, "நாலைந்து நாள்தானே" என்று அப்பச்சி முதல் வருடம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். நடந்து களைத்து மல்லாந்து படுக்கும் உடம்புக்குத் தொண்டை இன்னும் எளிதாக அடைக்கும். கரண்ட் வேண்டாம், மடியில் வைக்கும் அளவு டப்பா, இதைவிட வசதி வேறென்ன? போன வருடம் காவடிப் பையில் திருநீற்றுப் பைக்கு அடியில் டப்பா இருந்தது. தங்கிய இடத்தில் காலையில் அடிபம்புத் தண்ணீரில் அலசி, பையின் நிழலில் காயவைத்திருந்தார். மாசியில் அடுத்த டெஸ்டுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.