பழைய துவக்கு வாங்குமுன் முன்மரத்தைக் கழற்றுங்கள்

பயிர்க் காவலுக்குப் நடுவில் மடித்துத் திறக்கும் பழைய ஒற்றைக்குழல் துவக்கு (துப்பாக்கி) வாங்குவதென்றால், உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, குழலுக்குக் கீழே இருக்கும் முன்மரத்தைக் கழற்றி, துவக்கை மூடிய நிலையில் குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அந்த மரம் இறுக்கிப் பிடித்திருப்பதால் கீல் தேய்ந்த துவக்கும் கையில் கல்லு மாதிரி நிற்கும், கழற்றினால்தான் ஆட்டம் தெரியும். அப்புறம் மடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழலுக்குள் பாருங்கள். கருவளையம் போல நிழல் விழுந்தால் குழல் வீங்கியோ நசுங்கியோ இருக்கலாம். திருகோணமலை உப்புக்காற்றில் வெளிப் பளபளப்பை நான் நம்பமாட்டேன், எண்ணெய் பூசினால் எதுவும் பளபளக்கும். குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துவக்கில் மடிப்பே கிடையாது, அதற்கு இது பொருந்தாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் விற்கிறாரா, எதையும் ஆட்டிப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.