உந்த மாறா விதி: ஒரு மோதல் கணக்கு, படிப்படியாக

உந்தம் = நிறை × திசைவேகம். அலகு கி.கி. மீ/வி. நாம் சேர்த்துக் கணக்கிடும் பொருள்களின் தொகுப்பை அமைப்பு என்கிறோம்; வெளியிலிருந்து விசை (புறவிசை) எதுவும் செயல்படாதவரை அதன் மொத்த உந்தம் மாறாது என்பதே விதி. சூத்திரம் இவ்வளவுதான், சிக்கலெல்லாம் அதைப் பயன்படுத்தும்போதுதான்.

கணக்கு இது. 0.5 கி.கி. நிறையுள்ள பெரிய வண்டி வலப்பக்கமாக 1.2 மீ/வி வேகத்தில் வருகிறது. எதிரே 0.3 கி.கி. நிறையுள்ள சிறிய வண்டி இடப்பக்கமாக 0.8 மீ/வி வேகத்தில் வருகிறது. மோதி ஒட்டிக்கொண்டபின் இரண்டும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகும்?

படி 1: அமைப்பு எது என்று முடிவு செய்யுங்கள்.
பலரும் தாவிவிடும் படி இது. மோதலின்போது வண்டிகள் ஒன்றையொன்று சமமான, எதிரெதிர் விசையால், ஒரே கால அளவுக்குத் தள்ளுகின்றன. எனவே ஒன்று இழக்கும் உந்தம் அப்படியே மற்றதற்குப் போய்ச் சேர்கிறது. மாறாமல் இருப்பது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. பெரிய வண்டியை மட்டும் தனியாக எடுத்தால் சிறிய வண்டி தரும் விசை புறவிசை ஆகிவிடும். விதி அங்கே செல்லாது. சுவரில் பட்டுத் திரும்பும் பந்தின் உந்தம் மாறுவதும் இதனால்தான்.

படி 2: திசைக்குக் குறி கொடுங்கள்.
வலப்பக்கம் + என்று வைத்தால் சிறிய வண்டியின் திசைவேகம் −0.8.

படி 3: கூட்டுங்கள்.
மோதலுக்கு முன்: (0.5 × 1.2) + (0.3 × −0.8) = 0.60 − 0.24 = 0.36
மோதலுக்குப் பின்: (0.5 + 0.3) × திசைவேகம் = 0.36
விடை +0.45 மீ/வி, அதாவது வலப்பக்கம்.

கழித்தல் குறியை விட்டுவிட்டால் 1.05 மீ/வி வரும். சிறிய வண்டி அசையாமல் நின்றிருந்தாலே 0.75 மீ/வி தான் கிடைக்கும். எதிர்த்து வந்த வண்டி வேகத்தைக் கூட்டுமா? இப்படி ஒரு தடவை கேட்டுப் பார்த்தாலே தவறு பிடிபட்டுவிடும்.

இயக்க ஆற்றலைச் சமப்படுத்தி விடை தேடாதீர்கள். இங்கே அது 0.456 ஜூலிலிருந்து 0.081 ஜூலாகக் குறைகிறது. மீதி வெப்பமாகவும் ஒலியாகவும் உருக்குலைவாகவும் போய்விட்டது. உந்தத்துக்கு அந்த மாதிரி வேறு வடிவம் எடுக்கும் வழி கிடையாது.

செய்து பார்க்க விரும்பினால், சமதளமான மேசையில் வண்டிகளை ஓடவிட்டுப் பக்கவாட்டிலிருந்து, பாதைக்குச் செங்குத்தாக, செல்போனில் வினாடிக்கு 60 ஃப்ரேம் வீதம் படமெடுங்கள். அளவுகோல் வண்டிகள் ஓடும் கோட்டிலேயே இருக்கட்டும். பின்சுவரில் ஒட்டினால் தூரம் பிழையாகும். மோதலுக்குச் சற்று முன் 6 ஃப்ரேம், சற்றுப் பின் 6 ஃப்ரேம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது 0.1 வினாடி. உராய்வால் வேகம் வினாடிக்கு 0.2 மீ/வி வீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், அரை வினாடி தாமதித்து அளக்கும்போது 0.45 இருக்க வேண்டிய இடத்தில் 0.35 தான் தெரியும். தவறு விதியில் இல்லை. மேசையின் உராய்வு என்ற புறவிசைக்கு அத்தனை நேரம் கொடுத்துவிட்டீர்கள்.