படகு போயிருச்சு, மெமரி போகலயே! த்ரீ.ஜேஎஸ்-ல ஃப்ரேம் ரேட் விழுந்தா என்ன பண்ணலாம்

பாம்பன் ரோட்டுப் பாலத்துல நின்னு பாக்குற மாதிரி த்ரீ.ஜேஎஸ்-ல (பிரவுசர்ல 3டி காட்சி வரையுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு சின்ன சீன் பண்ணேங்க. 2025-ல திறந்த புது ரயில் பாலம் நடுவுல தூக்கும், அடியில விசைப்படகு வரிசையா நுழைஞ்சு போகும். ஆரம்பத்துல 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 60 ஃப்ரேம்), பத்து நிமிஷத்துல 20. எப்படி சரி பண்ணேன்னு சொல்றேன் (பேரெல்லாம் தமிழ்ல எழுதுறேன், கோடுல இங்கிலீஷ்ல அடிங்க).

முதல்ல, எப்படி விழுதுன்னு பாருங்க. 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் தான் டைம். ஆரம்பத்துலயே ஸ்லோன்னா வரையுற வேலை ஜாஸ்தி, விட்டு விட்டு இடிக்குதுன்னா பெரும்பாலும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓடுற லூப்புக்குள்ள நியூ வெக்டர்3-ன்னு புதுசு புதுசா ஆப்ஜெக்ட் போட்டு குப்பை சேக்குறீங்க, பிரவுசர் அதைக் கூட்டுறப்ப இடிக்கும், மெல்ல மெல்ல இறங்குதுன்னா லீக், அதாவது வேலை முடிஞ்சும் விடாத மெமரி சேந்துக்கிட்டே போகுது. ஆனா மண்டபத்துல மே மாச வெயிலுக்கு லேப்டாப் சூடாகி தானா வேகத்தைக் குறைச்சாலும் இதே மாதிரி தான் இறங்கும், நான் ரெண்டு நாள் இதுல ஏமாந்தேன். பேஜை ரீலோட் பண்ணுங்க, உடனே 60 வந்தா லீக், அப்பவும் 20-ன்னா சூடு.

அடுத்து ரெண்டரர்.இன்ஃபோ.மெமரி-ய (ரெண்டரர்னா சீனை வரையுற ஆப்ஜெக்ட்) கன்சோல்ல செகண்டுக்கு ஒருதடவை பிரிண்ட் பண்ணுங்க. அதுல ஜியோமெட்ரீஸ் (பொருளோட வடிவம்), டெக்ஸ்சர்ஸ் (அது மேல ஒட்டுற படம்)னு ரெண்டு நம்பர் வரும். கடலுக்குப் போக டோக்கன் குடுக்குறாங்கள்ல, எத்தனை போட்டு போச்சு எத்தனை திரும்புச்சுன்னு கணக்கு, அதே தான் இது. எனக்கு டெக்ஸ்சர் ஏறிக்கிட்டே போச்சு.

காரணம் என்னன்னா ஒவ்வொரு படகுக்கும் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்-னு நம்பர் எழுத புதுசா ஒரு கேன்வாஸ் டெக்ஸ்சர் (கேன்வாஸ்ல எழுதுனதையே படமா ஒட்டுறது) போட்டேன், படகு திரைய விட்டுப் போனதும் சீன்.ரிமூவ் குடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன். ரிமூவ் பண்ணா கண்ணுக்குத் தான் மறையும், கிராஃபிக்ஸ் கார்டுல இருக்குற மெமரி அப்படியே கெடக்கும். 1024-க்கு 1024 பிக்சல் டெக்ஸ்சர் ஒண்ணு 4 எம்பி, மிப்மேப் (தூரத்துல காட்ட வச்சுக்குற சின்னச் சின்ன காப்பி) சேந்தா இன்னும் மூணுல ஒரு பங்கு, அப்ப நூறு படகுக்கு 500 எம்பிக்கு மேல போயிருது பாருங்க!

மெமரியை விடுவிக்க, ரிமூவுக்கு அப்புறம் ஜியோமெட்ரி.டிஸ்போஸ், மெட்டீரியல்.டிஸ்போஸ் (மெட்டீரியல்னா பொருளோட மேல்பரப்பு எப்படித் தெரியணும்ங்கறது), டெக்ஸ்சர்.டிஸ்போஸ் மூணும் தனித்தனியா கூப்பிடணும். மெட்டீரியலை டிஸ்போஸ் பண்ணா அதுல ஒட்டுன டெக்ஸ்சரும் போயிரும்னு நெனைக்காதீங்க, போகாது.

ஆனா என்னைக் கேட்டா டிஸ்போஸே வேணாம், எட்டு படகு மட்டும் செஞ்சு வச்சுக்கோங்க, இடது பக்கம் போனதை வலது பக்கம் கொண்டு வந்து விடுங்க, நம்பரை மட்டும் அதே கேன்வாஸ்ல அழிச்சு எழுதி டெக்ஸ்சரோட நீட்ஸ்அப்டேட்-ஐ ட்ரூ ஆக்குங்க, யாரு கண்டுபிடிக்கப் போறா. பாலத்தோட ஜியோமெட்ரி மாதிரி கடைசி வரைக்கும் வேணுங்கறதைத் தொடாதீங்க.

இன்னொண்ணு, ரீஸ்டார்ட் பட்டன் வச்சிருந்தா பழைய அனிமேஷன் லூப்பை நிறுத்திட்டு புதுசை ஓட்டுங்க, இல்லன்னா ரெண்டு லூப் ஓடும்.

எல்லாம் முடிஞ்சதும் அரை மணி நேரம் ஓட விட்டுட்டு டீ குடிச்சுட்டு வாங்க. டெக்ஸ்சர் நம்பர் நகரக் கூடாது. எனக்கு எட்டு படகு, ஒரு கடல், 9-லயே நின்னுச்சு.