ஜப்பானில் முதல் டிசம்பர்: ஊழியத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவனுக்கு டிசம்பரைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. முதல் தேதியே வாசலில் ஸ்டார் தொங்கும், நடுராத்திரியில் கேரல் ரவுண்ட்ஸ் வந்து நாயையும் தாத்தாவையும் சேர்த்து எழுப்பும், 25ஆம் தேதி விடியற்காலை நாலு மணி ஆராதனைக்குப் புதுச் சட்டை மொடமொடக்கப் போய் உட்காருவோம். நானும் இதையெல்லாம் மனதில் சுமந்துகொண்டுதான் 24 வயதில் மிஷனரி ஊழியத்துக்காக ஜப்பானுக்குப் போனேன். ஜப்பான் கடலோரத்தில், பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். நாலு டிசம்பர் அங்கே கழிந்தது.

இப்போது புறப்படுகிற தம்பி தங்கைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கிறிஸ்துமஸ் அன்று வீட்டு நினைப்பை எப்படித் தாங்கினீர்கள்? கிறிஸ்துமஸ் உங்களை ஒன்றும் செய்யாது. அன்றைக்கு அழக்கூட நேரம் இருக்காது. ஆளைச் சாய்ப்பது ஜனவரி 1. அதற்குத்தான் நவம்பர் கடைசியிலிருந்தே தயாராக வேண்டும்.

முதலில் வீட்டிலிருந்து வரும் பார்சல். அம்மா கேட்பதற்கு முன்னாலேயே எது கூடாது என்று சொல்லிவிடுங்கள். இறைச்சி எந்த வடிவத்திலும் கூடாது, உப்புக்கண்டமும் சேர்த்துத்தான். பச்சைக் கறிவேப்பிலை, பழம் போன்றவை தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் உள்ளே வராது. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, பொடி வகைகள் போதும். முறுக்கு தூளாகத்தான் வந்து சேரும், அதையும் கரண்டியால் அள்ளித் தின்பீர்கள், கவலை வேண்டாம்.

அடுத்தது குளிர். ஜப்பானில் வெளியே இருக்கிற குளிரைவிட வீட்டுக்குள் இருக்கிற குளிர்தான் மோசம், ஏனென்றால் பல பழைய வீடுகளில் மனிதர் உட்கார்ந்திருக்கும் அறையை மட்டும்தான் சூடாக்குவார்கள், கக்கூஸும் சமையல்கட்டும் ஐஸ் பெட்டி மாதிரி கிடக்கும். மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருந்தால் மணிக்கு ஒரு தடவையாவது ஜன்னலைத் திறந்துவிடுங்கள், சோம்பல்பட்டால் உயிருக்கே ஆபத்து. உறைபனி ராத்திரிகளில் குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வையுங்கள், இல்லையென்றால் காலையில் தண்ணீர் வராது. கைரோ என்று ஒட்டுகிற சூட்டுப் பொட்டலம் விற்கும், அதை உடம்பில் நேரடியாக ஒட்டாமல் உள்சட்டைக்கு மேல் ஒட்டுங்கள்.

இனி ஊழியத்துக்கு வருவோம். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆனால் கிறிஸ்துமஸ் விளக்கு இல்லாத கடைத்தெருவே இருக்காது. 24ஆம் தேதி ராத்திரி காதலர்கள் வெளியே சாப்பிடப் போகிற நாள், குடும்பங்களுக்கு ஸ்ட்ராபெரி வைத்த கிரீம் கேக், அப்புறம் கேஎஃப்சி கோழி. 1974இல் அந்தக் கம்பெனி செய்த விளம்பரம் அப்படியே வழக்கமாகிவிட்டது. சபை விருந்துக்கு அந்தக் கோழி வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்திலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். இதையெல்லாம் பார்த்து 'இவர்களுக்கு உண்மையான அர்த்தம் தெரியவில்லையே' என்று முதல் வருஷம் நான் பொருமியது உண்டு. எங்கள் ஊர் பிரியாணி அண்டாவுக்குள் மட்டும் உண்மையான அர்த்தம் எந்த ஆழத்தில் கிடந்தது என்று பிறகு யோசித்தபோது பொருமல் அடங்கியது.

வீடு வீடாகக் கைப்பிரதி, அதாவது நற்செய்தித் துண்டுத்தாள், போடப் போகிறீர்களா? தபால் பெட்டியில் விளம்பரத் தாள் வேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போடவே போடாதீர்கள், அந்த எழுத்துகளை முதல் வாரமே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அங்கே மதம் என்ற சொல்லுக்கே ஒரு பயம் உண்டு. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஒரு மதக் குழு விஷவாயு விட்டதை யாரும் மறக்கவில்லை, 2022இல் முன்னாள் பிரதமர் அபே, ஒரு மதக் குழு மேல் வெறுப்புக் கொண்டவனால் சுடப்பட்ட பிறகு மதக் குழுக்கள் காணிக்கை வாங்கும் விதம் பற்றிய பேச்சு நாடு முழுக்க எழுந்து அந்த வருஷ டிசம்பரிலேயே சட்டமும் வந்தது. அதனால் அழைப்பிதழில் சபையின் பெயர், முகவரி, போதகர் பெயர், எத்தனை மணிக்கு முடியும் என்பது எல்லாம் தெளிவாக இருக்கட்டும். முடியும் நேரம் முக்கியம். எப்போது விடுவார்கள் என்று தெரியாத இடத்துக்கு ஜப்பானியர் வரமாட்டார்.

அவர்கள் வருவது 24ஆம் தேதி சாயங்காலம் நடக்கும் மெழுகுவர்த்தி ஆராதனைக்கு. வருஷம் முழுக்கச் சபை வாசலை மிதிக்காதவர்கள் அன்றைக்கு வருவார்கள். உங்களுக்குச் சாட்சி சொல்ல ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். ஐந்து என்றால் ஐந்துதான், நம் ஊர் ஐந்து இல்லை. எழுதி, யாராவது ஒரு ஜப்பானியரிடம் திருத்தி வாங்கி, பார்த்தே வாசியுங்கள். சொந்த வார்த்தையில் பேச ஆசைப்பட வேண்டாம். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார், தமிழில் மொழிபெயர்க்கச் செய்த ஜெபங்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு பரதவர் ஊர்களில் நடந்தார். அதே ஆள் 1549இல் ககோஷிமாவில் இறங்கி, கடவுளைக் குறிக்க 'தைனிச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தி, அது புத்த சமயத்தில் வணங்கப்படும் ஒருவரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டார். அவருக்கே அந்தக் கதி. ஜப்பானின் முதல் கிறிஸ்துமஸ் ஆராதனை 1552 டிசம்பரில் தங்கள் ஊரில்தான் நடந்தது என்று யமகுச்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதே மாதம் 3ஆம் தேதி சவேரியார் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோயிருந்தார்.

விருந்துக்கு ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்வார்கள். உங்களிடம் கறிதான் கேட்பார்கள். முதல் வருஷம் வீட்டு அளவில் மிளகாய்ப்பொடி போட்டேன். எழுபது வயதுப் பாட்டியம்மா ஒருவர் கண்ணில் தண்ணீர் வழிய 'ஓய்ஷி, ஓய்ஷி' (ருசி, ருசி) என்று சொல்லிக்கொண்டே மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். கால் பங்கு காரம் போதும். அதையும் காரம் என்று எழுதி வையுங்கள்.

25ஆம் தேதி அங்கே வேலை நாள். சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனை பெரும்பாலும் அதற்கு முந்தின ஞாயிறே முடிந்திருக்கும். ஊரில் நாலு மணி மணியடிக்கும்போது உங்களுக்கு ஏழரை. அந்த நேரத்தில் நான் புதுச் சட்டையோடு குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு உடனே போன் போடாதீர்கள், அவர்கள் ஆராதனையில் இருப்பார்கள், எடுக்காத போன் மனதை என்னவோ செய்யும். சாப்பாட்டு நேரம் பார்த்துப் பேசுங்கள், எல்லாரும் ஒரே அறையில் கிடைப்பார்கள்.

26ஆம் தேதி காலை கடைக்குப் போனால் கிறிஸ்துமஸ் மரம் ஒரே ராத்திரியில் மாயமாகி, மூங்கிலும் பைன் கிளையும் நிற்கும். அங்கிருந்துதான் உங்கள் சோதனைக் காலம். அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடல். சபையார் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், ரயிலில் கூட்டம் நெரியும், அப்புறம் தெருவே வெறிச்சோடும். வங்கி வேலை, மருந்து, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் 28க்குள் முடித்துவிடுங்கள். குப்பை வண்டியின் கடைசி நாள் எது என்று காலண்டரில் பாருங்கள். நான் பார்க்கவில்லை. சபை விருந்தின் கோழி எலும்புகள் ஒரு வாரம் என் வீட்டுப் பின்பக்கம் இருந்தன. பனியில் நாற்றம் வரவில்லை, காக்கை வந்தது.

நெங்காஜோ என்ற புத்தாண்டு அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 15 முதல் 25க்குள் தபாலில் போட்டால் சரியாக ஜனவரி 1 அன்று கொண்டுவந்து கொடுப்பார்கள். 2024 அக்டோபரில் அட்டைக் கட்டணம் 63 யென்னிலிருந்து 85 ஆகிவிட்டது, அதனால் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். துக்க வீட்டார் முன்கூட்டியே தகவல் அட்டை அனுப்பிவிடுவார்கள், அவர்களுக்கு வாழ்த்து அனுப்பக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுக்கும் எந்தப் பிரதியையும்விட, கோணல்மாணலாகக் கையால் எழுதிய இந்த அட்டையைத்தான் அவர்கள் எடுத்து வைப்பார்கள்.

31 ராத்திரி வாட்ச் நைட் சர்வீஸ் எதிர்பார்க்காதீர்கள். பல சபைகளில் ஜனவரி 1 காலைதான் ஆராதனை. ராத்திரி பதினொன்றே முக்கால் வாக்கில் பக்கத்துக் கோயில் மணி ஆரம்பிக்கும், மொத்தம் 108 அடி. பனி மூடிய ஊரில் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் வரும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஊரில் புது வருஷம் பிறக்கும்போது உங்களுக்கு விடியற்காலை மூன்றரை. அதற்காக விழித்திருக்க வேண்டாம், நான் விழித்திருந்து கெட்டேன். தூங்காத உடம்பும் ஆளில்லாத தெருவும் சேர்ந்தால், அழைப்பே தப்போ என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அந்த வாரத்தில் வாழ்க்கை முடிவு எதையும் எடுக்காதீர்கள். டிசம்பர் முதல் வாரமே வேறு பணித்தளத்து மிஷனரிகள் யாரையாவது ஜனவரி 1 மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வையுங்கள், அல்லது நீங்களே போங்கள். கூச்சப்பட்டால் தனியாகக் கப் நூடுல்ஸ்தான்.

யாராவது ஜின்ஜாவுக்கு, அதாவது ஷின்டோ கோயிலுக்கு, புத்தாண்டு வழிபாட்டுக்குக் கூப்பிட்டால்? ஸ்தாபனத்துக்கு ஸ்தாபனம் கருத்து மாறும். நான் கூடவே நடந்து போவேன், கைதட்டிக் கும்பிடமாட்டேன், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். யாரும் கோபித்ததில்லை. வருஷக் கடைசி விருந்துகளிலும் அப்படித்தான், ஊலாங் டீ டம்ளரைத் தூக்கிக் கம்பாய் (சியர்ஸ்) சொன்னால் போதும்.

ஜெபக் கடிதம் பற்றி ஒன்று. ஊரில் உங்கள் ஊழியத்தைத் தாங்குகிறவர்கள், அந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்கள், டிசம்பரில் எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்று கேட்பார்கள். எண்ணிக்கையை ஊதாதீர்கள், அனுமதி கேட்காமல் யார் படத்தையும் போடாதீர்கள். எதிர்வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருந்தார். பனி விழுந்த காலைகளில் என் வாசலைத் தள்ளும்போது அவர் வாசலையும் தள்ளிவிடுவேன். பனியை எங்கே கொட்டலாம், எங்கே கூடாது என்று ஜன்னல் வழியே கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மறுநாள் கதவுப்பிடியில் உலர்ந்த பெர்சிமன் பழம் ஒரு பையில் தொங்கும். மூன்றாம் வருஷம் மெழுகுவர்த்தி ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். நாலாம் வருஷமும் வந்தார், அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. இதை எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை.

ஜனவரி 4 அன்று அலுவலகங்கள் திறக்கும், தெருவில் சத்தம் வரும், உங்களுக்கும் உயிர் வரும். 7ஆம் தேதி ஏழு கீரை போட்ட அரிசிக் கஞ்சி குடிப்பது அவர்கள் வழக்கம், கடையில் ஏழும் ஒரே பெட்டியில் கிடைக்கும். உப்பு மட்டும் போட்ட, நம் ஊர்க் காய்ச்சல் கஞ்சியேதான். அம்மா அனுப்பிய ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளுங்கள்.